பூட்டு மணியின் மனைவி

ஜனவரி 10, புதன்

இவர் வந்துவிட்டார். இனிமேல் போகமாட்டார்.

ஸ்டேஷனில் மேளம் வைத்திருந்தார்களாம். கோவில்பட்டி ஹாக்கி ஊர். இங்கே தெருவுக்கு நாலு பேர் ஹாக்கி மட்டையோடுதான் திரிவார்கள். அந்த ஊரில் ஒரு கபடிக்காரருக்கு ஆளுயர மாலை போட்டு, திறந்த ஜீப்பில் ஏற்றி, பஜார் வழியாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். நான் போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு உடற்கல்வித் தேர்வு வைத்திருந்தேன். "போயிட்டு வாங்க டீச்சர், பூட்டு மணி வாராருன்னா சும்மாவா?" என்றார் தலைமையாசிரியை. தேர்வு இருக்கிறது என்றேன். தேர்வை நாளைக்கும் வைத்திருக்கலாம்.

பூட்டு மணி என்பது டிவிக்காரர்கள் வைத்த பெயர். சுடலைமணி என்று சொல்ல வடக்கே யாருக்கும் வாய் வரவில்லை. கபடி கபடி என்று பாடி வருகிறவனின் கணுக்காலை இவர் பிடித்தால் பூட்டுப் போட்ட மாதிரி என்று ஒரு வர்ணனையாளர் சொன்னார், அதுவே ஒட்டிக்கொண்டது. தொழில்முறை லீக்கில் ஒன்பது சீசன் வலது கார்னர், வலது ஓரத்தில் நின்று பிடிக்கிற இடம். இரண்டு தடவை சிறந்த தடுப்பாட்டக்காரர். ஒரு சீசன் கேப்டன். போன மாதம் ஓய்வு.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன பேச்சி, இளைச்சிட்ட?" என்றார்.

"நீங்கதான் பெருத்திட்டிய" என்றேன்.

வந்த பைகளைப் பிரித்துத் துவைக்கப் போட்டேன். எல்லா பனியனின் முதுகிலும் பெயர் அச்சடித்திருக்கிறது. காயப்போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் கொடி நீளத்துக்கும் மணி, மணி, மணி.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் விளையாட்டுக்கு மூன்று ஊரில் இவர்தான் சிறப்பு விருந்தினர். கயத்தாறு பக்கத்து ஊருக்கு என்னையும் மகள் தாரணியையும் கூட்டிப் போனார். கோப்பைகளை எடுத்து எடுத்து இவர் கையில் கொடுக்கிற வேலை எனக்கு.

"பூட்டு மணி அண்ணனின் துணைவியாரும் வந்திருக்கிறார்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். இவர் அந்தப் பையனின் காதில் ஏதோ சொன்னார். உடனே மைக், "அண்ணியும் ஒரு காலத்துல வெளையாண்டவங்களாம், பெரிய கைதட்டு!" என்றது. எல்லோரும் தட்டினார்கள். இவரும் தட்டினார். மனதாரத்தான் தட்டினார்.

ஒரு காலத்தில். பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன், மாநிலத்துக்கு மூன்று வருடம் ஆடினேன், இடது கார்னர். இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்த வாரத்தில்தான் தாரணி வயிற்றில் இருப்பது தெரிந்தது. அதில் யார்மேலும் குற்றம் இல்லை. இதை எத்தனை டைரியில் எழுதியிருக்கிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. இவர் நன்றாக இருக்கிறது என்று ஐந்து சாப்பிட்டார். இவருக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது.

ஜனவரி 27, சனி

டிவியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இவருடைய வாழ்க்கையை அரை மணி நேர நிகழ்ச்சியாகப் போடப் போகிறார்களாம். கேள்வி கேட்ட பெண் சென்னைக்காரி, கெட்டிக்காரி. நான் காபி கொண்டுவருவதை மூன்று முறை எடுத்தார்கள். "மேம், இந்தத் தடவை கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வாங்க." மூன்றாவது தடவை காபி ஆறிப்போய்விட்டது. இவர் அதையும் குடித்தார்.

கூடத்தில் இவர் பேசப் பேச அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். முதல் சீசன் நாக்பூர் அணியில் பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்தது. ஹிந்தி தெரியாது. சாப்பாடு வேண்டும் என்று கையால் காட்டியிருக்கிறார். கடைசி வாரத்தில் வலது கார்னர் ஆடுகிறவனுக்குக் காய்ச்சல் வந்தது. இவரை இறக்கினார்கள். பாடி வருவதில் லீக்கிலேயே பெரிய ரைடர் என்று பேர் எடுத்தவனை ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை கணுக்காலில் பிடித்துக் கிடத்தினார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஏலத்திலும் இவருக்குப் போட்டி. மூன்றாவது சீசன்தான் உச்சம். இவர் நிற்கிற பக்கம் யாரும் பாடி வரவே பயந்தார்கள். கொச்சி அணிக்குக் கேப்டன் ஆனார். ஏழாவது சீசனில் ராஞ்சியில் முட்டி போனது.

"எனக்குப் பக்கத்துல நிக்கிற எங்க கவர் ப்ளேயர்தான் மேல விழுந்தான். பாவம், ஆஸ்பத்திரில என்னையவிட அவன்தான் அதிகம் அழுதான்" என்றார்.

இவருக்கு எல்லோரும் பாவம்.

அடுத்த கேள்வி: "உங்க கணுக்கால் பிடி யார்கிட்ட கத்துக்கிட்டீங்க சார்?"

அடுப்பைக் குறைத்தேன்.

"பாளையங்கோட்டைல தங்கபாண்டியன் சார்."

உண்மைதான். அந்த மைதானத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் பழகினோம். சார் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. இவர் ஒரு மாதம் ஆடுசதையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏல, பேச்சியைப் பாத்துப் பிடில" என்று சார் கத்துவார். அதையும் சொல்வாரா என்று நின்றேன். அதற்குள் பால் பொங்கி வழிந்து, அடுப்பைக் கழுவித் துடைத்துவிட்டு வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நிகழ்ச்சி போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டில்தான். நான் வந்தது காபியோடு, சிரித்துக்கொண்டு. கீழே எழுத்தில் 'மனைவி' என்று போட்டார்கள். பெயர்கூட இல்லை.

எல்லோரும் போனபிறகு தாரணி, "அப்பா ஒன்னப் பத்தி நெறைய சொன்னாங்கம்மா. ஒன்னயப் பாத்துத்தான் பிடிக்கப் படிச்சேன்னு சொன்னாங்க. அதப் போடவே இல்லியே" என்றாள்.

"சொன்னியளா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் பேச்சி. ரொம்ப நேரம் சொன்னேன். வெட்டிட்டானுவ போல. பாவம், அரை மணி நேரம்தான இருக்கு அவங்களுக்கு."

இவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எனக்குப் பொறாமை இல்லை. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

ஜெபசெல்வி போன் செய்தாள். மாநில அணியில் எனக்குப் பக்கத்தில் கவர் ஆடியவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். தூத்துக்குடிக்காரி, இப்போது சேலத்தில் இருக்கிறாள்.

"யக்கா, லேடீஸ் லீக் ஆரம்பிக்காவ. அஞ்சு டீமு. மே மாசம் திருச்சில வச்சு ஆட்டம், டிவில வருது. நான் சேலத்துக்குக் கோச்."

"நல்ல விஷயம்ளா."

"ஏப்ரல் ஏழு மதுரைல டிரையல்ஸ். வயசு வரம்பு கெடையாது." மறுபடியும் அழுத்திச் சொன்னாள். "கேட்டுதாக்கா? வயசு வரம்பு கெடையாது."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 6, புதன்

நெல்லை மகளிர் அணிக்குக் கோச்சாக இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுப்படிக்கு வந்து கூச்சத்தோடு சொன்னார்.

"லேடீஸ் ஆட்டம் எனக்கு என்ன தெரியும்? நீதான் சொல்லித் தரணும் பேச்சி."

"சொல்லித் தாரேன்" என்றேன்.

ஆண்கள் லீக் ஒன்பது வருடம் இவருடையது. சரி. அப்போது பெண்களுக்கு லீக்கே கிடையாது. இப்போது பெண்களுக்கென்று ஒரு கதவைத் திறக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் அங்கேயும் இவர்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு முழுப் பெண்கள் ஆட்டத்தை இவர் உட்கார்ந்து பார்த்ததே என்னுடையதுதான், அதுவும் கல்யாணத்துக்கு முன்பு.

கூட்டு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 14, வியாழன்

பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலையில் ஆரம்பித்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் என்மேல் பாடி வருகிறார்கள். வீட்டில் பொதுத்தேர்வு வேலை, சீக்கிரம் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "சரி" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதல் நாள் கார்னரில் குனிந்து நிற்கவே முடியவில்லை. தாரணி பிறந்தபோது போட்ட ஆபரேஷன் தழும்பு இழுக்கிறது. ஒரு பிள்ளை என்னைத் தொட்டுவிட்டுப் போய், "சாரி டீச்சர்" என்றது. அந்த 'சாரி' நாள் முழுக்கக் காதில் இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

இவர் எதற்கு இவ்வளவு முட்டை வாங்குகிறார் என்று தெரியவில்லை. தாரணிக்கு என்கிறார். தாரணி மஞ்சள் கரு தொடமாட்டாள். டப்பாவில் எனக்கு நாலு வைத்துக் கட்டிவிடுகிறார். வீணாகப் போகவேண்டாமே என்று சாப்பிட்டுவிடுகிறேன்.

குளியலறை மாடத்தில் வலிக்குத் தேய்க்கிற தைலம் புதிதாக ஒன்று இருக்கிறது. இவர் முட்டிக்கு ஐஸ்தான் வைப்பார். மறந்து வாங்கியிருப்பார். கொஞ்சம் எடுத்து நான் தேய்த்துக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

இன்று ஒரு பிடி. ஒழுங்கான பிடி. பிள்ளை கூடுதல் புள்ளிக்காகப் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினாள். குதிகால் தரையைத் தொடும் முன்பு என் இரண்டு கையும் போய்விட்டன. நான் நினைத்து அனுப்பவில்லை, தானாகப் போயின.

வீட்டுக்கு வந்தால் இவர் முக்காலியில் காலை நீட்டி ஐஸ் வைத்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். கை மடியில் கிடந்தது. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒரு விரல் முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஊரில் உடைந்தது. கேட்டால் எந்த ஊர், எந்த ரைடர் என்று சொல்வார்.

என் விரல்கள் பத்தும் நேராக இருக்கின்றன. சப்பாத்தி நன்றாக உருட்ட வருகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மதுரைக்கு இவர் நேற்றே போய்விட்டார், தேர்வாளர்களுக்கு அறை கொடுத்திருந்தார்கள். நான் தாரணியை அம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலைப் பேருந்தில் போனேன். அப்பாவின் இனிஷியல் போட்டுப் பதிந்தேன். மு. முத்துப்பேச்சி.

உள்ளே போகும்போது ஒரு தன்னார்வலர் பையன், "ஆன்ட்டி, பேரண்ட்ஸ் அந்தப் பக்கம்" என்று கை காட்டினான். என் சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் டிராக் பேண்ட்டைக் கழற்றி அரைக்கால் டவுசரில் நிற்கவேண்டி வந்தபோது சிரிப்பு போய்விட்டது. சுற்றிலும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். கால்கள் எல்லாம் வில் மாதிரி.

ஐந்து கோச்சுகளும் ஒரே மேசையில். இவர் என்னைப் பார்த்தார். அதிர்ச்சி இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. காகிதத்தில் குனிந்துகொண்டார்.

முதல் பெண் பாடி வந்தாள். நான் அசைவதற்குள் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது ஒருத்தி, உயரமானவள், என் பக்கமாகவே வந்தாள். வரட்டும் என்று நின்றேன். காலை நீட்டினாள். பிடித்தேன். உதறினாள், இழுத்தாள், நான் ஆட்ட விரிப்பில் சறுக்கிக்கொண்டே போனேன், விடவில்லை. மற்றவர்கள் வந்து மூடினார்கள். எழுந்தபோது முழங்கை முழுக்கத் தோல் வழன்றிருந்தது. அந்த எரிச்சலை எவ்வளவு நாள் கழித்து அனுபவிக்கிறேன்! அப்புறம் இன்னொரு பிடி. ஒன்று தவறியது.

மேசையைப் பார்த்தேன். இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

சாயங்காலம் அவரவர் அணிக்கு எடுத்தவர்களை அவரவர் வாயால் படித்தார்கள். நெல்லைக்கு இவர் படித்தார். எத்தனையோ பெயர். ஒவ்வொன்றும் தெளிவாக, மரியாதையாக. என் பெயர் இல்லை. மதுரை, கோவை, தஞ்சாவூர், எதிலும் இல்லை. கடைசியாக ஜெபசெல்வி எழுந்தாள். "முத்துப்பேச்சி, இடது கார்னர்" என்று முதல் பெயராகவே படித்தாள்.

திரும்பி வருகிற பேருந்தில் இவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். சாத்தூர் தாண்டியது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளாக் காலைல முட்டை அவிச்சது யாரு?"

"அப்ப ஏன் எடுக்கல?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எடுத்தா, கோச் பொண்டாட்டி, அதான் எடுத்துட்டான்னு சொல்லுவாவ. நீ ஆடுனதுக்கு எடுத்ததா ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. ஒனக்கு அது வேண்டாம்னு நெனச்சேன்."

எவ்வளவு நல்லவர். ஊரே சொல்கிறதே. கோவில்பட்டி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஜெபசெல்வியிடம் போனில் நேராகவே கேட்டேன். "பாவம்னு எடுத்தியாளா?"

"யக்கா, போன வை. எனக்குக் கார்னர் வேணும், எடுத்தேன். பாவம் பாத்தா நான் எதுக்குக் கோச்சு?"

அவள் வார்த்தை எனக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

மே 8, புதன்

சேலத்தில் முகாம். பள்ளிக்கூடம் லீவு, தாரணி அம்மா வீட்டில். காலையில் ஓட்டம், பிறகு பிடி, சாயங்காலம் மறுபடியும் பிடி. எங்கள் அறையில் இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கும் படுத்த உடனே தூக்கம் வந்துவிடுகிறது. எனக்குப் படுத்தால் எழுந்திருப்பது எப்படி என்ற யோசனை வந்துவிடுகிறது.

இவர் பாளையங்கோட்டையில் தன் அணியோடு இருக்கிறார். தினமும் போன் செய்கிறார். தாரணியைப் பற்றிப் பேசுகிறோம், வெயிலைப் பற்றிப் பேசுகிறோம். "ஒங்க கார்னரு யாரு?" என்று இன்று கேட்டேன். "கயத்தாத்துப் பிள்ளை ஒண்ணு. நல்லா வருது" என்றார். இன்னும் பார்க்காத அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை.

மே 16, வியாழன்

திருச்சியில் முதல் ஆட்டம். தஞ்சாவூரோடு. வென்றோம். பாதி ஆட்டத்தில் ஜெபசெல்வி என்னை இறக்கினாள். இரண்டு பிடி.

திரும்ப வந்து போனில் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தோம். நான் விரிப்பில் கால் வைத்ததும் வர்ணனையாளர், "இவர் யார் தெரியுமா நேயர்களே? நம்ம பூட்டு மணியின் மனைவி!" என்கிறார். முதல் பிடிக்கு, "வீட்டிலேயே பயிற்சி கிடைத்திருக்குமே!" இரண்டாவது பிடிக்கு, "பூட்டுக்கு ஏற்ற சாவி!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். என் கையால் பிடித்தது. என் முழங்கைத் தோல் போனது. அதையும் அவருடைய கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இவர் போனில், "ரெண்டாவது பிடி நல்லா இருந்துச்சு" என்றார். குரல் எப்படியோ இருந்தது. சளியா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மே 21, செவ்வாய்

கோவையிடம் தோற்றோம். எனக்கு வலது கைச் சுண்டுவிரல் விலகிவிட்டது. பிசியோ இழுத்து உட்கார வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். வலி உயிர் போகிறது. அடிக்கடி தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

மே 26, ஞாயிறு

இன்று நெல்லை.

இரண்டு அணியும் வரிசையாக நின்று கை கொடுக்கும்போது இவரும் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் கை கொடுத்தார். "விரல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.

ஆரம்பத்திலிருந்தே நெல்லையிலிருந்து பாடி வந்தவர்கள் எல்லோரும் என் பக்கமே வந்தார்கள். முதல் பெண் காலை நீட்டுவது மாதிரி ஒரு பாவனை காட்டினாள். நான் பாய்ந்தேன். அங்கே கால் இல்லை. முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்தவளும் அதையே செய்தாள். அதற்கடுத்தவளும். நான் வெளியே போய் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. பாய்வதற்கு முன்னால் நான் இடது குதிகாலைத் தூக்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். அதைப் பார்த்துக்கொண்டே வந்து, குதிகால் எழும்பியதும் காலை இழுத்துக்கொள்கிறார்கள். அது தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் தங்கபாண்டியன் சார், அவர் இப்போது இல்லை.

எனக்கு வந்தது கோபம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது கோபம் இல்லை. உட்கார்ந்து, என் ஆட்டத்தை யோசித்து, என்னை எப்படி வெளியேற்றுவது என்று இவர் மண்டையை உடைத்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னை இப்படி மதித்ததில்லை.

இரண்டாவது பாதியில் குதிகாலைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே ஒரு தடவை மட்டும் தூக்கினேன். கயத்தாறுப் பிள்ளை பாடி வந்திருந்தாள். கார்னர் மட்டுமில்லை, பாடவும் செய்கிறாள். குதிகாலைப் பார்த்ததும் முன்காலை இழுத்தாள், பாரத்தையெல்லாம் பின்காலில் வைத்தாள். நான் அந்தப் பின்காலுக்குப் போனேன். இரண்டு கையும் சேர்ந்து பூட்டின. அவள் நடுக்கோட்டை நோக்கி என்னை இழுத்தாள், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுபோனாள்.

நெல்லை பெஞ்சுக்கு நேர் எதிரே விழுந்து கிடந்தோம். தலையைத் தூக்கினேன். இவர் நாற்காலியின் விளிம்பில் இருந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டு, காற்றில் எதையோ பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தன. தான் செய்வதே இவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். தன் ஆள் மாட்டிக்கொண்ட கோச்சின் முகம் அது இல்லை. பெண்டாட்டி ஜெயித்ததைப் பார்க்கிற புருஷனின் முகமும் இல்லை.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். டிவியில் இவர் ஆட்டம் ஓடும்போது, இடையில் விளம்பரத்துக்குத் திரை ஒரு நொடி கறுக்கும். அப்போது அந்தக் கண்ணாடியில் தெரிகிற என் முகம்.

ஆட்டத்தில் தோற்றோம். மூன்று புள்ளிதான் வித்தியாசம். ஜெபசெல்வி தண்ணீர் பாட்டிலை வீசினாள். நான் வருத்தமாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. எங்களுக்கு நாலாவது இடம். நெல்லை அரையிறுதியில் தோற்றுவிட்டது. தாரணி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். இவர் சாளை மீன் வாங்கி வந்தார். என் விரல் கட்டோடு இருப்பதால் தானே கழுவுகிறேன் என்று கொல்லையில் உட்கார்ந்தார். முட்டி மடங்காது என்பதால் ஒரு காலை நீட்டித்தான் உட்கார முடிகிறது. நான் எதிரே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

"பேச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"டிரையல்ஸ்ல ஒன்னய எடுக்காததுக்கு பஸ்ல ஒரு காரணம் சொன்னேன்லா. அது பொய்."

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"நீ ரெண்டாவதா பாடி வந்த நெட்டச்சியப் பிடிச்சியே, அப்ப எனக்கு இங்கன எரிஞ்சுது." மீன் கையாலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இனி அது கெடையாது பேச்சி. முட்டி ஒத்துக்காது. நீ இப்பதான் எறங்கி நிக்க. பக்கத்துல உக்காந்து ஒரு மாசம் பூரா அதப் பாக்கணுமேன்னு நெனச்சேன். எந்திரிச்சித் தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து உக்காந்தா ஒம் பேர எழுதக் கை வரல."

செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுரண்டிய மீனையே திரும்பச் சுரண்டினார்.

எனக்குக் கோபம் வரவேண்டும். ஒரு நல்ல கோபத்துக்குக் காரணம் கிடைக்காதா என்று எத்தனை வருடம் காத்திருந்திருக்கிறேன். கிடைத்த நேரத்தில் கோபம் வரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"என்னன்னு சொல்ல? பொண்டாட்டி மேல பொறாமையா இருக்குன்னா? ஊரு சிரிக்காதா?"

"நானும் அதுக்குத்தான் சொல்லல."

கை நின்றது. "நீ என்னத்தச் சொல்லல?"

நான் இவரையே பார்த்தேன். மெதுவாகத்தான் புரிந்தது இவருக்கு. மீனை நழுவவிட்டார். அது சட்டியில் விழுந்து தண்ணீர் தெறித்தது.

"எப்ப இருந்து?"

"தாரணி பொறந்து ஆஸ்பத்திரில கெடக்கேன். ஒங்கள ஏலத்துல எடுத்தாச்சுன்னு போன்ல காட்டுனாவ. அப்ப இருந்து."

"ஒம்பது வருஷமுமா?"

"மூணாவது சீசன் கொஞ்சம் அதிகம்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், எப்போது என்று தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தார். மீன் கை என்பதால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. என் சேலைத் தலைப்பைக் கொடுத்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. இவர் அழுவது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனம் இல்லை.

"நான் ரெண்டு மாசமா வச்சுக்கிட்டே தாங்கல" என்றார். "நீ எப்படி இருந்த பேச்சி, இத்தன வருஷம்?"

"இப்படித்தான். மீன் கழுவிக்கிட்டு."

பிறகு எழுந்து போய்த் துடைத்துவிட்டேன். மூக்கையும் சேர்த்து. இவர் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

குழம்பு கொதிக்கிறபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடுத்த வருடம் லீக்கை இன்னும் பெரிதாக நடத்துகிறார்களாம், நெல்லைக்கு மறுபடியும் இவரையே கோச்சாக இருக்கச் சொல்கிறார்களாம்.

"இந்தத் தடவ நான் எடுக்கேன் ஒன்னய. எவன் என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறான். வாரியா என் டீமுக்கு?"

கரண்டியை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தேன். புளி போதவில்லை.

"வேண்டாம்" என்றேன். "நீங்க எதிர்லயே உக்காருங்க. பாக்கணும்."